தடிப்பு, ஒடுக்கம், சாய்வு: யூனிவர்ஸ் 68 என்னும் அச்செழுத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

அச்சிட்ட பக்கத்தில் வாசகர் சொற்களின் பொருளை மட்டும் பெறுவதில்லை. சொற்கள் எவ்வடிவில் நிற்கின்றன என்பதிலிருந்தும் ஒரு குறிப்பைப் பெறுகின்றனர். நூற்பெயர் சாய்ந்து நிற்கும். அகராதியின் தலைச்சொல் தடித்து நிற்கும். நாளிதழின் தலைப்பு ஒடுங்கி நெருங்கி நிற்கும். இம்மூன்று பண்புகளும் ஒரே எழுத்தில் ஒன்றுசேர்ந்து தோன்றும் வடிவம் விளையாட்டு விளம்பரம், தேர்தல் சுவரொட்டி, திரைப்படத் தலைப்பு, தள்ளுபடி அறிவிப்பு முதலியவற்றில் நாள்தோறும் கண்ணில் படுவது. கணிப்பொறி அச்சுக்கோப்பாளர் இதனைப் ‘போல்டு கண்டென்ஸ்டு இட்டாலிக்’ என்பர்.

தடிப்பும் ஒடுக்கமும் சாய்வும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காகத் தோன்றியவை. அவை ஓரெழுத்தில் கூடும்போது ஒன்றுக்கொன்று துணைசெய்வதைக் காட்டிலும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அந்நெருக்கத்தைத் தீர்த்துவைப்பதே வடிவமைப்பாளரின் பணி. தீர்க்காமல் விட்டால் கேடுறுவது எழுத்தின் வேறுபாடு. இக்கருத்தை 1957இல் வெளிவந்த யூனிவர்ஸ் எழுத்துக் குடும்பத்தின் 68ஆம் வடிவத்தை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இப்பண்புகள் கணிப்பொறி வழியாகத் தமிழச்சுக்கும் வந்துவிட்டமையால், தமிழ் வரிவடிவத்தில் அவை விளைக்கும் மயக்கம் இறுதிப் பகுதியில் ஆராயப்படுகிறது.

கட்டுரையில் ஆளப்படும் சொற்கள் சிலவற்றை முதலில் வரையறுத்தல் நன்று. பத்தி பத்தியாகப் படிப்பதற்குரியது உரையெழுத்து. தலைப்பாகவோ அறிவிப்பாகவோ பெரிய அளவில் நிற்பது காட்சியெழுத்து. எழுத்தின் செங்குத்தான கோடு தண்டு எனவும், கோடுகளால் சூழப்பட்ட வெற்றிடம் உள்வெளி எனவும், சாயாத வடிவம் நிமிர்வெழுத்து எனவும் வழங்கப்படுகின்றன.

1. மூன்று பண்புகளின் தோற்றம்

1.1 சாய்வு

மூன்றனுள் காலத்தால் முற்பட்டது சாய்வு. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் நடத்திய அச்சகத்திற்காகப் பொலோஞாவைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ சாய்வெழுத்தை வெட்டினார். 1501இல் வெளிவந்த வர்ஜிலின் நூலே முழுமையும் இவ்வெழுத்தில் அமைந்த முதல் நூல். அக்காலத்து இத்தாலியக் கற்றோர் விரைந்து எழுதிய கையெழுத்தை அது அடியொற்றியது. கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய அளவுப் பதிப்புகளுக்குப் பயன்பட்டது. தொடக்கத்தில் சிற்றெழுத்துகள் மட்டுமே சாய்ந்திருந்தன. பேரெழுத்துகள் நிமிர்ந்தே நின்றன.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆல்டஸின் சாய்வெழுத்து எதையும் அழுத்திச் சொல்ல எழுந்ததன்று. முழுநூலையும் அச்சிடுவதற்கான உரையெழுத்தாகவே அது பிறந்தது. நிமிர்வெழுத்தின் நடுவே மேற்கோளையும் நூற்பெயரையும் வேற்றுமொழிச் சொல்லையும் பிரித்துக் காட்டும் துணையெழுத்தாக அது மாறியது பதினாறாம் நூற்றாண்டு முதல் படிப்படியாக நிகழ்ந்த வளர்ச்சி. சாய்வு விரைவைக் குறிக்கும் என்னும் எண்ணமோ அதனினும் பிந்தியது. எனினும் அவ்வெண்ணத்தின் வேர் தொடக்கத்திலேயே உள்ளது. விரையும் கையிலிருந்து பிறந்த வடிவமே பின்னாளில் விரைவின் அடையாளமாயிற்று எனலாம்.

1.2 தடிப்பு

தடித்த எழுத்து நூலகத்தில் பிறக்கவில்லை; தெருவில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் இலண்டன் எழுத்து வார்ப்பகங்கள் மிகப் பருத்த எழுத்துகளை வெளியிடத் தொடங்கின. இவற்றின் தோற்றத்தோடு ராபர்ட் தோர்ன் என்பாரின் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. குலுக்கல் சீட்டு, நாடகம், கப்பற்பயணம், சந்தைப்பொருள் ஆகியவற்றை அறிவிக்கும் சுவரொட்டிகள் பெருகியபோது, நூலுக்கென அமைந்த மெல்லெழுத்து தொலைவிலிருந்து தெரியவில்லை. எனவே தண்டு பருத்தது. 1816இல் நான்காம் வில்லியம் காஸ்லன் முனைக்கோடற்ற எழுத்தை மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். அது பேரெழுத்துகள் மட்டுமே கொண்டது. முனைக்கோடற்ற தடித்த எழுத்துகள் பிற வார்ப்பகங்களிலிருந்து 1830களில் பரவலாக வெளிவந்தன.

தடித்த எழுத்து தெருவிலிருந்து நூலுக்குள் நுழைந்ததற்கு 1845 ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டு. இலண்டன் ஃபேன் தெரு வார்ப்பகத்தின் ராபர்ட் பெஸ்லி, கிளாரெண்டன் என்னும் எழுத்தை வெளியிட்டு, இங்கிலாந்தின் வடிவுரிமைச் சட்டத்தின்கீழ் மூன்றாண்டுகளுக்குப் பதிவுசெய்தார். உரையெழுத்தோடு ஒரே வரியில் இயைந்து நின்று, சொல்லைத் தனித்துக் காட்டவல்ல தடித்த எழுத்தாக அது அமைந்தது. தடிப்போடு ஓரளவு ஒடுக்கமும் அதற்கு உண்டு. அகராதிகளிலும் பாடநூல்களிலும் இன்று இயல்பாகிவிட்ட தடித்த தலைச்சொல்லின் வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது. உரிமைக் காலம் முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் அதனைப் படியெடுத்தமை அதன் தேவையைக் காட்டும் சான்றாகும்.

1.3 ஒடுக்கம்

ஒடுக்கம் இடநெருக்கடியின் விளைவு. சுவரொட்டியின் அகலம் தாளின் அகலத்தால் கட்டுப்பட்டது. செய்தித்தாளின் தலைப்பு பத்தியின் அகலத்தால் கட்டுப்பட்டது. அகலத்தைக் கூட்ட இயலாத இடத்தில் உயரத்தைக் கூட்டினால்தான் எழுத்து பெரிதாகும். ஒடுங்கிய எழுத்து உண்மையில் சிறுத்த எழுத்தன்று. உயரத்தை நோக்கி வளர்ந்த எழுத்து.

இதனை எளிதாக்கியது மரவெழுத்து. மிகப்பெரிய ஈய எழுத்துகள் எடை மிக்கவை, விலையும் மிக்கவை, ஆறும்போது சமமாக இறுகாமல் முகம் குழிவதும் உண்டு. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரக்கட்டையில் எழுத்தைக் குடையும் பொறியைப் பயன்படுத்தி மரவெழுத்தைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். அவருடைய மாதிரிப் புத்தகம் 1828இல் வந்தது. 1834இல் வில்லியம் லெவன்வொர்த் ஒரு மூல வடிவத்தைப் பின்பற்றிப் பல அளவுகளில் வெட்டும் படிவரைகருவியை அதனோடு இணைத்தார். இதன்பின் ஒரே எழுத்தை விரித்தும் ஒடுக்கியும் பல அகலங்களில் விற்பது வழக்கமாயிற்று. நீண்ட சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்தையும் குறுஞ்சொல்லுக்கு விரிந்த எழுத்தையும் தேர்ந்து, ஒவ்வொரு வரியையும் தாளின் இரு ஓரங்களும் தொடுமாறு நிரப்புவது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவரொட்டியின் இலக்கணமாயிற்று.

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், சாய்வு கையிலிருந்தும், தடிப்பு தெருவிலிருந்தும், ஒடுக்கம் தாளின் அகலத்திலிருந்தும் வந்தமை புலனாகும். மூன்றும் முதலில் தேவையாகத் தோன்றிப் பின்னர்க் குறிப்புப் பொருள் பெற்றவை.

2. கலவையிலிருந்து முறைமைக்கு: யூனிவர்ஸ்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சகங்களில் தடித்த எழுத்தும் ஒடுங்கிய எழுத்தும் சாய்ந்த எழுத்தும் இருந்தன; ஆனால் அவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தவை அல்ல. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் வெட்டியவை ஒரே பெட்டியில் கிடந்தன. ஒரே அடிப்படை வடிவத்திலிருந்து எடை, அகலம், சாய்வு ஆகிய மூன்றையும் திட்டமிட்டு வருவிப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் முழுமையாகச் செயல்வடிவம் பெற்றது. அதனைச் செய்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆட்ரியன் ஃப்ரூட்டிகர் (1928–2015).

சூரிச் கலைத்தொழிற் பள்ளியில் பயின்ற ஃப்ரூட்டிகர் 1952இல் பாரிசின் டெபெர்னி-பெய்ஞோ வார்ப்பகத்தில் சேர்ந்தார். அந்நிறுவனத்தை நடத்திய சார்ல் பெய்ஞோ, ஈய அச்சிலும் லூமிடைப் என்னும் ஒளியச்சுக்கோப்புப் பொறியிலும் பயன்படத்தக்க புதிய எழுத்துகளை வேண்டினார். அதன் விளைவே 1957இல் வெளிவந்த யூனிவர்ஸ். ஒன்றிரண்டு வடிவங்களை வெளியிட்டு, அவை விலைபோன பின் மற்றவற்றைச் சேர்ப்பதே அதுவரை இருந்த வழக்கம். யூனிவர்ஸோ தொடக்கத்திலேயே 21 வடிவங்கள் கொண்ட குடும்பமாகத் திட்டமிடப்பட்டது.

இவற்றுக்குப் பெயரிடுவதில் ஃப்ரூட்டிகர் சொற்களைக் கைவிட்டு எண்களைக் கொண்டார். ‘தடித்தது’, ‘அரைத்தடிப்பு’ போன்ற சொற்கள் நாட்டுக்கு நாடு, வார்ப்பகத்துக்கு வார்ப்பகம் வேறுபட்டன, எண் வேறுபடாது. ஈரிலக்க எண்ணின் முதலிலக்கம் எடையைச் சுட்டும். இரண்டாம் இலக்கம் அகலத்தையும் சாய்வையும் சுட்டும். 55 என்பது நடுநிலை வடிவம். முதலிலக்கம் கூடக்கூடத் தடிப்பு மிகும். இரண்டாம் இலக்கம் கூடக்கூட அகலம் குறையும். இரண்டாம் இலக்கம் ஒற்றைப்படையாயின் நிமிர்வு, இரட்டைப்படையாயின் சாய்வு. இம்முறைப்படி 65 தடித்த எழுத்து. 67 தடித்து ஒடுங்கியது. 68 தடித்து ஒடுங்கிச் சாய்ந்தது.

இவ்வெண்முறையின் சிறப்பு வசதி மட்டுமன்று. தடித்து ஒடுங்கிச் சாய்ந்த எழுத்து ஒரு தனி விந்தையாக இல்லாமல் ஓர் அட்டவணையின் கட்டமாக இதன்வழி அமைந்தது. அக்கட்டம் நடுநிலையிலிருந்து மூன்று திசைகளிலும் விலகியது; ஆதலின் அதனைக் காணும் கண் 55இலிருந்து அது எவ்வளவு விலகியது என்பதையும் உடனுணர்கிறது. அழுத்தம் என்பது தனியெழுத்தின் பண்பன்று, எழுத்துகளுக்கிடையேயான உறவு என்பதை எண்முறை வெளிப்படையாக்கிற்று. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டிகளுக்கு ஓட்டல் ஐஷர் தலைமையில் அமைந்த காட்சி வடிவமைப்பு யூனிவர்ஸைக் கொண்டே இயன்றது. 1997இல் ஃப்ரூட்டிகர் லினோடைப் நிறுவனத்தோடு இக்குடும்பத்தைத் திருத்தி விரித்தபோது எண்கள் மூன்றிலக்கமாயின. பழைய 68இன் இடம் 621 ஆயிற்று. எடைக்கு ஆறு, அகலத்துக்கு இரண்டு, சாய்வுக்கு ஒன்று என மூன்று பண்புகளும் மூன்று தனியிலக்கங்களாகப் பிரிந்து நின்றமை கருதத்தக்கது.

3. காட்சிக்கென்றே பிறந்தவை

யூனிவர்ஸ் குடும்பத்திலிருந்து கிளைத்த வடிவம் 68. அதே காலத்தில் குடும்பமின்றி, காட்சிக்கென்றே தோன்றிய ஒடுங்கிய தடித்த எழுத்துகளும் இருந்தன. 1954இல் வால்ட்டர் ஹெட்டன்ஷ்வைலர் வெளிப்படுத்திய ‘ஷ்மால்ஃபெட்ட குரோட்டெஸ்க்’ பேரெழுத்துகள் மட்டுமே கொண்டது. 1959இல் கொலோன் நகரில் தொடங்கப்பட்ட ‘ட்வென்’ இதழில் வில்லி ஃபிளெக்ஹௌஸ் அதனைக் கருமையான பெருந்தலைப்புகளாக ஆண்டார். இலண்டனில் 1959இல் தோன்றிய லெட்ராசெட் நிறுவனம் 1961இல் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்துக்காக 1963இல் ஃபிரெட் லாம்பர்ட் வடிவமைத்த காம்பாக்டா மிக நெருங்கிய உள்வெளி கொண்டது. அதற்குத் தடித்த சாய்வு வடிவமும் அமைந்தது. 1965இல் ஜெஃப்ரி லீ, ஷெஃபீல்டின் ஸ்டீவன்சன் பிளேக் வார்ப்பகத்துக்கு ‘இம்பாக்ட்’ என்னும் எழுத்தை அளித்தார். 1996 முதல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென வழங்கிய எழுத்துருத் தொகுதியில் இடம்பெற்றதால் அது உலகெங்கும் பரவிற்று.

லெட்ராசெட் தாளின் வரவு ஒரு தொழில்மாற்றமாகும். வார்ப்பகமும் அச்சுக்கோப்பாளரும் இன்றியே மேசைமுன் அமர்ந்த ஓவியர் எழுத்தை எழுத்தாகத் தேய்த்துத் தலைப்பை அமைக்கலாயிற்று. ஈயக்கட்டையின் விளிம்பு இல்லாததால் எழுத்துகளை ஒன்றோடொன்று தொடுமளவு நெருக்கவும் முடிந்தது. சாய்வெழுத்துக்கு இது பெரிய விடுதலை. ஈய அச்சில் சாய்வெழுத்தின் தலை தன் கட்டைக்கு வெளியே நீளும். அடுத்த கட்டையின்மேல் படிந்து முறிவதும் உண்டு. தேய்ப்புத் தாளில் அத்தடை இல்லை. விளம்பரங்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் நெருங்கிய எழுத்துகள் அக்காலத்தில் பெருகியதற்கு இக்கருவி மாற்றமும் ஒரு காரணமாகும்.

4. மூன்று பண்புகளின் முரண்

தடிப்பும் ஒடுக்கமும் சாய்வும் ஒன்றையொன்று நெருக்குகின்றன என்னும் கருத்தை வடிவியலால் விளக்கலாம்.

முதலாவது, தடிப்புக்கும் ஒடுக்கத்துக்கும் உள்ள முரண். எழுத்தின் அகலம் 20 மில்லிமீட்டர் எனவும் தண்டு ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். இரு தண்டுடைய எழுத்தில் உள்வெளிக்கு 6 மில்லிமீட்டரே எஞ்சும். மூன்று தண்டுடைய எழுத்துக்கு 21 மில்லிமீட்டர் வேண்டும். உள்வெளிக்கு இடமே இல்லை. எனவே வடிவமைப்பாளர் அவ்வெழுத்தின் தண்டுகளை மட்டும் மெலித்தோ அகலத்தைக் கூட்டியோ ஆகவேண்டும். ஒரே தடிப்பாகத் தோன்றும் எழுத்துத் தொகுதியில் தண்டுகள் உண்மையில் ஒரே அளவின அல்ல.

இரண்டாவது, ஒடுக்கத்துக்கும் சாய்வுக்கும் உள்ள முரண். 12 பாகைச் சாய்வில் எழுத்தின் தலை, உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாக வலப்புறம் நகரும். 60 மில்லிமீட்டர் உயரமுடைய எழுத்தின் தலை ஏறத்தாழ 12.8 மில்லிமீட்டர் நகரும். அவ்வெழுத்தின் அகலம் 40 மில்லிமீட்டராயின் நகர்வு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அகலம் 20 மில்லிமீட்டராயின் மூன்றில் இரு பங்கை நெருங்கும். பாகை ஒன்றே, ஆயினும் ஒடுங்கிய எழுத்து விழப்போவதுபோல் தோன்றும். காட்சிக்கு இத்தோற்றம் விறுவிறுப்பைத் தரும். படிப்புக்கு இது தடையாகும்.

மூன்றாவது, சாய்வுக்கும் தடிப்புக்கும் உள்ள முரண். வட்டத்தைப் பொறிவழிச் சாய்த்தால், இடக்கீழிலிருந்து வலமேல் ஏறும் வளைவு நீண்டு மெலிகிறது. இடமேலிருந்து வலக்கீழ் இறங்கும் வளைவு குறுகித் தடிக்கிறது. மெல்லிய எழுத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தடித்த எழுத்தில் வீக்கமாகத் தெரியும். தேர்ந்த வடிவமைப்பாளர் சாய்த்தபின் வளைவுகளைத் திருத்துவார். திருத்தப்பட்ட சாய்வுக்கும் வெறுமனே சாய்க்கப்பட்ட வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சாய்வெழுத்து என்பது சாய்க்கப்பட்ட நிமிர்வெழுத்தா அல்லது தனக்கென மரபுடைய வேறெழுத்தா என்னும் வினா அச்சியலார் நடுவே பழமையானது. 1926இல் ‘தி ஃப்ளூரன்’ இதழில் ஸ்டேன்லி மோரிசன் சாய்க்கப்பட்ட நிமிர்வெழுத்தே உகந்தது என வாதிட்டார். 1930களில் யான் வான் கிரிம்பனின் ரோமுலஸ் எழுத்து அக்கொள்கைக்கு வடிவம் தந்தது. உரையெழுத்தில் அக்கொள்கை வேரூன்றவில்லை. முனைக்கோடற்ற எழுத்துகளிலோ பெரிதும் நிலைபெற்றது. யூனிவர்ஸ் 68உம் சாய்க்கப்பட்ட நிமிர்வெழுத்தே. கையெழுத்தின் தொடர்ச்சி அதில் இல்லை. ஆல்டஸின் சாய்வு கையின் விரைவு. ஃப்ரூட்டிகரின் சாய்வு பொறியின் விரைவு. இவ்வேறுபாட்டை 2016இல் அறிவிக்கப்பட்ட மாறுநிலை எழுத்துருத் தரமும் ஏற்றுள்ளது. எடை, அகலம் ஆகியவற்றோடு ‘சாய்வு’, ‘இட்டாலிக்’ என்னும் இரண்டையும் அது தனித்தனி அச்சுகளாக வைக்கிறது.

5. பயனும் எல்லையும்

மேற்கூறிய இயல்புகளிலிருந்து இவ்வெழுத்தின் பயனெல்லை தெளிவாகும். ஒடுக்கம் நீண்ட சொல்லுக்கு இடந்தரும். தடிப்பு தொலைவுக்கு எட்டும். சாய்வு அசைவைக் காட்டும். ஆகவே நீண்டதோ அவசரமானதோ ஆகிய செய்தியைச் சில சொற்களில் தொலைவுக்குச் சொல்லவேண்டிய இடம் இதற்கு உரியது. போட்டி அறிவிப்பு, ஊர்திகளின் பக்கங்கள், செய்தித் தலைப்பு, விலைக்குறைப்பு ஆகியன அத்தகையன.

இரண்டு கட்டுப்பாடுகள் தவறாமல் வேண்டும். ஒன்று, அளவு. சிறிய அளவில் உள்வெளி அடைபடும். ஆப்பிள் நிறுவனம் தன் விசைப்பலகைகள் பலவற்றில் யூனிவர்ஸின் ஒடுங்கிய சாய்வு வடிவத்தைப் பயன்படுத்தியது. ஆங்கு ஒடுக்கமும் சாய்வும் உண்டு, தடிப்பு இல்லை. விசையின் சிற்றளவில் மூன்றும் சேர்ந்து நில்லா என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது. மற்றொன்று, அருமை. பக்கம் முழுவதும் இவ்வெழுத்தே நின்றால் அழுத்தம் இல்லாமற்போகும். நடுநிலை எழுத்து அருகில் இருக்கும்போதே விலகிய எழுத்துக்கு மதிப்பு. எண்முறை உணர்த்தும் உறவு இங்கும் பொருந்தும்.

6. தமிழ் வரிவடிவத்தில் விளைவு

ஃப்ரூட்டிகருக்கு இந்திய எழுத்துகளோடும் தொடர்புண்டு. 1960களில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் அழைப்பின்பேரில் அவர் தேவநாகரி எழுத்து வடிவமைப்பில் ஈடுபட்டார். எனினும் எடை, அகலம், சாய்வு என்னும் பகுப்பு இந்திய மொழி அச்சகங்களுக்குப் பெரும்பாலும் வந்தடைந்தது வடிவமைப்பாளர் வழியாகவன்று. மென்பொருளின் பொத்தான் வழியாக. 1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர் மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் ஆல்டஸ் மனூஷியஸின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 1990களிலும் அதன் பின்னும் தமிழ் அச்சகங்கள் பலவற்றின் அன்றாடக் கருவி அதுவே. அதில் ஓர் எழுத்துருவுக்குச் சாய்வு வடிவம் இல்லாவிடினும் பொத்தானை அழுத்தினால் எழுத்து சாயும். அகல விழுக்காட்டைக் குறைத்தால் ஒடுங்கும். சாய்ந்த கையெழுத்து அச்சு மரபாக வளராத தமிழில், சாய்வு இவ்வாறு பொறிச் செயலாகவே நுழைந்தது. சுவரொட்டியிலும் இதழ்த் தலைப்பிலும் ஓவியர்கள் கையால் சாய்த்தும் ஒடுக்கியும் எழுதிய காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்தம் கண் திருத்தம் செய்தது. பொத்தானுக்குக் கண் இல்லை.

இதன் விளைவைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றோடு இணைத்து நோக்கவேண்டும். ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்படவில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஒற்றைக்கொம்பும் ககரமும் காலும் சேர்ந்த ஒரே வரிவடிவம் கொ, கோ, கெர, கேர எனப் பலவாறு படிக்க இடந்தந்தது. மெய்யும் எகர ஒகரமும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும் எழுதுவோர் வழக்கு அவ்வாறு நிலைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் நிலைப்படுத்த வழிசெய்தார். அச்சில் ரகரத்தின் அடியில் நீண்ட சிறுசாய்கோடு அதனைக் காலிலிருந்து பிரித்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் சுவடிகளின் மயக்கங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து அச்சேற்றிய உழைப்பைத் தமிழுலகம் நன்கறியும்.

அவர்கள் தீர்த்த மயக்கத்தைத் தடித்து ஒடுங்கிச் சாய்ந்த எழுத்து மீண்டும் கொணர்கிறது. ரகரத்தின் சாய்கோடு நிமிர்ந்த தண்டுகளுக்கிடையே தனித்துத் தெரியும். எல்லாத் தண்டுகளும் சாய்ந்த இடத்தில் அதன் தனிமை மறையும். தடிப்பு அக்கோட்டைத் தண்டோடு கரைக்கும். ஒடுக்கம் அதனைக் குறுக்கும். ‘மரம்’ என்னும் சொல் ‘மாம்’ எனத் தோன்றும் நிலை இவ்வாறு எழுகிறது. இரண்டுசுழி னகரத்துக்கும் மூன்றுசுழி ணகரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழியே. மூன்று தண்டுடைய எழுத்துக்கு மேலே காட்டிய நெருக்கடி ணகரத்துக்கு முழுமையாகப் பொருந்தும். உள்வெளி அடைபட்டால் சுழியை எண்ண இயலாது. மெய்யெழுத்தின் புள்ளி தடித்து எழுத்தின் தலையோடு ஒட்டினால் மெய் உயிர்மெய்யாகும். அடுத்துவரும் எழுத்தின் மேல்விலங்கோடு மோதினால் எதற்குரியது எனத் தெரியாது. ஆங்கிலத்தில் உள்வெளி அடைபட்டால் எழுத்து அழகிழக்கும்; தமிழில் அடைபட்டால் சொல்லே மாறும்.

தமிழுக்கு இவ்வெழுத்து ஒவ்வாது என்பது இதன் கருத்தன்று. நீண்ட சொற்களையுடைய தமிழுக்கு ஒடுங்கிய தலைப்பெழுத்தின் தேவை ஆங்கிலத்தினும் மிகுதி. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் கூட்டெழுத்தை நீக்கித் தனிக்குறிகளாக்கியபோது வேண்டிய அச்சுகளின் எண்ணிக்கை குறைந்தது; சொல்லின் நீளம் குறையவில்லை. எனவே வேண்டுவது தமிழ்க்கென வரையப்பட்ட ஒடுக்கம். மும்பையின் எக் டைப் குழுவினர் வெளியிட்டுள்ள அனெக் எழுத்துருத் தொகுதி தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்கு எடை, அகலம் ஆகிய இரண்டையும் தொடர்நிலையில் மாற்றத்தக்கதாக அமைத்துள்ளது. சாய்வு அத்தொகுதியில் சேர்க்கப்படவில்லை. மூன்று பண்புகளுள் இரண்டனைத் தமிழுக்கு முறையாகத் தரமுடியும் என்பதற்கு அது சான்று. மூன்றாவதைத் தருவோர் ரகரத்தின் சாய்கோட்டை நீட்டுதல், ணகரத்துக்குக் கூடுதல் அகலம் தருதல், புள்ளியைத் தலையிலிருந்து விலக்குதல் ஆகிய திருத்தங்களைச் செய்தாக வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தடிப்பு, ஒடுக்கம், சாய்வு ஆகியன தனித்தனி வரலாறுடையன என்பதும், யூனிவர்ஸ் குடும்பத்தில் அவை ஓர் அட்டவணையின் முறையான உறுப்புகளாயின என்பதும், ஓரெழுத்தில் கூடும்போது அவை தம்முள் முரணுவதால் கண்ணால் திருத்தப்பட வேண்டியன என்பதும் பெறப்பட்டன. சில சொற்கள், பேரளவு, அரிய பயன்பாடு என்னும் மூவெல்லைக்குள் இவ்வெழுத்து தன் பணியைச் செவ்வனே செய்கிறது.

தமிழாய்வாளர்க்கு இதில் ஒரு கடமையும் உண்டு. சுவடியின் ரகர, கால் மயக்கத்தை மூலபாட ஆய்வின் பொருளாகக் கொள்ளும் நாம், நூலட்டையிலும் கருத்தரங்க அழைப்பிலும் பாடநூல் தலைப்பிலும் அதே மயக்கம் புதிதாகத் தோன்றுவதை அச்சகத்தார் சிக்கல் என ஒதுக்குதல் பொருந்தாது. பதிப்பு முன்னுரையில் பாடவேறுபாட்டைக் குறிக்கும் கவனம், அதே நூலின் தலைப்பெழுத்தைத் தேர்வதிலும் வேண்டப்படுவது. எழுத்துரு வடிவமைப்பாளரும் சுவடியியலாளரும் சேர்ந்து பணியாற்றுவதற்குரிய களம் இது. வேகத்தைக் காட்டும் எழுத்து தமிழுக்கும் வேண்டியதே. அவ்வேகத்தில் ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாகிவிடாமல் காப்பது எழுத்திலக்கணத்தை அறிந்தோர் பொறுப்பு.